டேகேர் லைசன்ஸும் பெற்றோர் கையேடும்: கலிபோர்னியா தமிழ்ப் பெற்றோர் கேட்டவை

நான் பதினான்கு வருடமாக சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் டேகேர்களில் வேலை செய்கிறேன். முதலில் சின்னக் குழந்தைகள் வகுப்பில் டீச்சர், இப்போது ஒரு மையத்தின் டைரக்டர். பெற்றோருக்கும் மையத்துக்கும் நடக்கும் சண்டைகளில் பாதி, எது மாநில விதி, எது அந்த மையம் தன் கையேட்டில் வைத்துக்கொண்ட விதி என்று தெரியாததால் வருகிறது. முடிந்தவரை இரண்டையும் பிரித்தே பதில் சொல்கிறேன்.

சன்னிவேல், மூன்று வயது மகன்: மையங்களைச் சுற்றிக் காட்டும்போது எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

சோதனை ரிப்போர்ட்டை வைத்து. கலிபோர்னியாவில் டேகேர்களுக்கு லைசன்ஸ் கொடுப்பது மாநில சமூக சேவைத் துறையின் கம்யூனிட்டி கேர் லைசன்சிங் பிரிவு. அவர்கள் தளத்தில் மையத்தின் பெயரைப் போட்டால், அதிகாரிகள் எப்போது வந்தார்கள், என்ன குறை கண்டார்கள் என்று வரும். குறைகளில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு வகை. குழந்தையின் உடலுக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து என்றால் ஏ. சரிசெய்யாமல் விட்டால் ஆபத்தாகக்கூடியது பி. ஒரு ஊழியரின் கோப்பில் ஒரு தாள் இல்லை என்பது மாதிரியான பி ஒன்றிரண்டு எந்த நல்ல மையத்திலும் இருக்கும். ஒரே குறை வருடா வருடம் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். ஏ வகைக் குறை வந்தால் அந்த ரிப்போர்ட்டை 30 நாள் பெற்றோர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். அடுத்த 12 மாதத்தில் புதிதாகச் சேரும் பெற்றோருக்கும் பிரதி கொடுக்க வேண்டும்.

அப்புறம் எண்ணிக்கை. பிரிஸ்கூல் வயதில் ஒரு டீச்சருக்கு 12 குழந்தைகள். கைக்குழந்தைகள் என்றால் ஒருவருக்கு 4. உள்ளே ஒரு குழந்தைக்கு 35 சதுர அடி, வெளியே விளையாட 75. காலை பத்து மணிக்குப் போனால் எல்லா மையத்திலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். திறக்கும் நேரம், மூடும் நேரம், டீச்சர்கள் சாப்பிடப் போகும் நேரம், இந்த மூன்றில்தான் கணக்கு நழுவும். மாலை ஐந்தரைக்குப் போய் நின்று தலைகளை எண்ணுங்கள். மதியத் தூக்கத்தில் மட்டும் ஒருவர் 24 பேரைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மற்ற டீச்சர்கள் கூப்பிட்டவுடன் வரும் தூரத்தில் அதே மையத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஃப்ரீமான்ட்: எங்கள் பக்கத்தில் நல்ல டேகேர் எது, அக்கா?

மேலே சொன்னதுதான். ரிப்போர்ட்டைப் படியுங்கள், மாலையில் போய்ப் பாருங்கள்.

சான் ரமோன், ஐந்து மாதக் குழந்தை: ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். குழந்தை தூளியில்தான் தூங்கும். டேகேரில் தட்டையான தொட்டிலில் போடுகிறார்கள், துணி சுற்றவும் மாட்டார்களாம். கொஞ்சம் எடுத்துச் சொல்ல முடியாதா?

முடியாது. இது கையேட்டு விதி இல்லை, மாநில விதி. 2020-இல் வந்த பாதுகாப்பான தூக்க விதிகளின்படி, 12 மாதம் வரை குழந்தையை மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். தொட்டிலில் போர்வை, தலையணை, பொம்மை எதுவும் கூடாது, துணி சுற்றக் கூடாது. தூங்கும் குழந்தையை 15 நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். தலைமாட்டில் மாட்டியிருக்கும் அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள். 1.00, 1.15, 1.30 என்று ஒவ்வொரு வரியிலும் டீச்சரின் முதலெழுத்து இருக்க வேண்டும். எல்லா வரியும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதினது போல இருந்தால் என்னிடம் சொல்வதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.

அம்மாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. என் இரண்டு பிள்ளைகளும் தூளியில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் தூளியில் குழந்தையின் முகவாய் நெஞ்சில் முட்டி மூச்சு தடைபடலாம். பன்னிரண்டு குழந்தைகள் தூங்கும் அறையில் அதைக் கவனிக்க ஆள் கிடையாது. வீட்டிலும் இரண்டு வாரம் தட்டையான தொட்டிலில் பழக்குங்கள். அந்த இரண்டு வாரம் அழுகை இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

மில்பிடாஸ்: சென்னையில் எல்லாத் தடுப்பூசியும் போட்டோம். அட்டையைக் காட்டியும் சேர்க்க மறுக்கிறார்கள்.

பெரும்பாலும் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, தட்டம்மை. ஊரில் ஒன்பதாவது மாதத்திலேயே போட்டுவிடுவார்கள். இங்கே முதல் பிறந்தநாளிலோ அதற்குப் பிறகோ போட்ட எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) தான் கணக்கு. அரசு ஆஸ்பத்திரியில் போட்டிருந்தால் அது எம்ஆர், அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இருக்காது. இரண்டு, சின்னம்மை. இந்திய அரசின் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லாததால் பல குழந்தைகளுக்குப் போட்டிருக்காது. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பை இங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் அதனால் காசநோய்த் தோல் பரிசோதனையில் தவறாக பாசிட்டிவ் வரலாம், ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தனிப்பட்ட நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குக் கேட்கும் வழி 2016-லேயே மூடிவிட்டது. ஆகவே டைரக்டரோடு வாதாடிப் பயனில்லை.

டல்லாஸ்: ஒரு டீச்சருக்கு இத்தனை குழந்தைகள் என்றீர்களே, எங்களுக்கும் அதே எண்ணிக்கைதானா?

இல்லை. டெக்சஸில் மூன்று வயது வகுப்புக்கு ஒருவருக்கு 15. மற்றதெல்லாம் உங்கள் மாநில லைசன்சிங் பக்கத்தில் பாருங்கள். நான் அந்த ஊர் விதிகளில் வேலை செய்தவள் இல்லை.

டப்ளின்: ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிடத்துக்கு ஒரு டாலர் கேட்கிறார்கள். இது சட்டமா?

கையேடு. நீங்கள் கையெழுத்துப் போட்டது.

சான் ஹோசே: தாத்தா பாட்டி போய்க் குழந்தையைக் கூட்டி வரலாமா? அவர்களிடம் இந்த ஊர் டிரைவிங் லைசன்ஸ் இல்லை.

லைசன்ஸ் தேவையில்லை, பாஸ்போர்ட் போதும். ஆனால் அவர்கள் பெயர் அவசரத் தொடர்புப் படிவத்தில் முன்பே இருக்க வேண்டும். வாசலில் நின்று போனில் "அவர் என் அப்பாதான், அனுப்புங்கள்" என்று சொன்னால் நான் அனுப்ப மாட்டேன். உங்கள் அப்பா கோபித்துக்கொள்வார், இருந்தாலும் அனுப்ப மாட்டேன்.

இன்னொன்று. குழந்தையை விடுபவரும் அழைத்துப் போகிறவரும் முழுக் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும் என்பது மாநில விதி. காலையிலேயே மாலை நேரத்தையும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் எங்கள் கட்டடத்தில் தீ அலாரம் அடித்தது. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புல்வெளியில் தலைகளை எண்ணினேன். தாளில் "வீட்டுக்குப் போய்விட்டான்" என்று இருந்த ஒரு பையன் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அங்கே நின்றதால் சரி. உள்ளே மாட்டியிருந்தால் தாளை நம்பி நான் தேடியே இருக்க மாட்டேன். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

கூப்பர்டினோ: காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகாமல் வரக் கூடாது என்கிறார்கள். குழந்தை நன்றாக விளையாடுகிறது. இது மாநில விதியா?

நோயின் அறிகுறி வெளிப்படையாகத் தெரியும் குழந்தையைச் சேர்க்கக் கூடாது, தினமும் வாசலில் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும் என்பது மாநில விதி. 24 மணி நேரம், 100.4 டிகிரி என்ற எண்கள் மையத்தின் கையேட்டில் வருபவை. இரண்டையும் பின்பற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டாவதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் என்பதையும் கவனியுங்கள்.

மில்பிடாஸ், இரண்டு பிள்ளைகள்: அக்கா, உண்மையைச் சொல்கிறேன். காலையில் டைலெனால் (காய்ச்சல் மருந்து) கொடுத்துத்தான் விடுகிறோம். இரண்டு பேருக்கும் வேலை. இந்த வருடம் எடுத்த லீவு எல்லாம் காய்ச்சலுக்கே போய்விட்டது. வேறு என்ன செய்வது?

நீங்கள் வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. அந்தக் குழந்தையை நான் பார்க்கும் இடத்திலிருந்து சொல்கிறேன். மருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். எட்டு மணிக்கு விட்டால் பதினோரு மணிவரை ஓடியாடும். சாப்பாட்டு நேரத்தில் தட்டைத் தள்ளிவிடும். தூங்கப் போட்டால் கன்னம் சிவந்து, பாயில் சுருண்டு, யாரையும் கூப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும். நான் நெற்றியில் கை வைக்கும்போது 102. அதற்குள் அது பக்கத்திலிருந்த பத்துப் பேரோடு ஒரே மண்ணில் விளையாடியாகிவிட்டது.

சன்னிவேல் (முதலில் கேட்டவர்): அப்படியானால் தப்பு அவர்கள் மேல் இல்லை, அலுவலகத்தின் மேல்தானே? டேகேருக்கு மாதம் வீட்டு வாடகை மாதிரி கட்டுகிறோம், குழந்தையைத் திருப்பி அனுப்புகிற நாளுக்கும் சேர்த்து.

கட்டணம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் டீச்சரின் சம்பளத்துக்கும் இடத்தின் வாடகைக்கும் போகிறது. உங்கள் பிள்ளை வராத நாளிலும் டீச்சர் வருகிறார்.

ஃப்ரீமான்ட்: என் மகளுக்கு ஆஸ்துமா. இப்படி மருந்து கொடுத்து அனுப்பிய ஒரு குழந்தையால் அவள் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கொஞ்சம் யோசியுங்கள்.

மில்பிடாஸ்: யார் அனுப்பியது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சும்மா ஒரு அம்மாவைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஆஸ்துமா குழந்தையின் அம்மா சொல்வது சரி, எந்த வகுப்பிலும் அப்படி ஒரு குழந்தையாவது இருக்கும். ஆனால் மில்பிடாஸ் தோழி அலட்சியமானவர் இல்லை, அவரிடம் வேறு வழி இல்லை. அவரைத் திட்டினால் நாளை மருந்து கொடுத்ததை என்னிடம் சொல்லவும் மாட்டார். அது இன்னும் ஆபத்து. மருந்தின் அளவும் நேரமும் தெரியாமல் மதியம் இன்னொரு வேளை கொடுத்துவிடக் கூடாது. காலையில் மருந்து கொடுத்திருந்தால் வாசலில் சொல்லிவிடுங்கள், நான் கோபப்பட மாட்டேன். குழந்தையை உள்ளே விடவும் மாட்டேன். லீவு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

சான்டா கிளாரா: எந்த டேகேர் நல்லது என்று ஒரு லிஸ்ட் போடுங்களேன்.

போட மாட்டேன். மூன்றாவது முறை சொல்கிறேன், ரிப்போர்ட்டைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம்: மகன் கையில் விரல் அடையாளம் மாதிரி இருந்தது. கேட்டால் "விழுந்துவிட்டான்" என்கிறார்கள். புகார் கொடுத்தால் அவனை நடத்தும் விதம் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்றைக்கே போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கலிபோர்னியாவில் டேகேரில் அடிப்பது எந்த வடிவத்திலும் தடை, பெற்றோரே எழுதிக் கொடுத்தாலும் தடை. வட்டார லைசன்சிங் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அந்த அலுவலகத்தின் முகவரியை உங்களுக்குத் தருவது மையத்தின் கடமை. புகார் போன 10 நாளுக்குள் அதிகாரி நேரில் வர வேண்டும். உங்கள் பெயரை வெளியிட மாட்டார்கள். புகார் கொடுத்ததற்காக உங்களையோ குழந்தையையோ பழிவாங்கக் கூடாது என்பது, சேரும்போது உங்களுக்குக் கொடுத்த பெற்றோர் உரிமைத் தாளிலேயே இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் எந்த நேரத்திலும் முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே போய்ப் பார்க்கும் உரிமையும் அதே தாளில் இருக்கிறது. நாளைக் காலை பத்தரைக்குப் போங்கள். கதவில் நிறுத்தி வைத்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

ஃபாஸ்டர் சிட்டி: டிபன் பாக்ஸில் வேர்க்கடலைச் சட்னி வைத்ததற்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடலை கூடாது என்பது கையேட்டு விதி. ஆனால் அதே அறையில் ஒரு குழந்தையின் உயிர் அதில் இருக்கலாம். எள்ளும் அப்படித்தான். 2023 முதல் அமெரிக்காவின் முக்கிய ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் ஒன்பதாவதாக எள் சேர்ந்துவிட்டது. நம் இட்லிப் பொடியிலும் நல்லெண்ணெயிலும் எள் இருக்கிறது, டீச்சருக்கு அது தெரியாது. பாக்ஸின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

ட்ரேசி: திடீரென்று அடுத்த வாரத்திலிருந்து கட்டணம் ஏற்றிவிட்டார்கள்.

அடிப்படைக் கட்டணத்தை மாற்ற 30 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் சேர்க்கை ஒப்பந்தத்திலேயே அந்த வரி இருக்க வேண்டும், பணம் திரும்பக் கிடைப்பது பற்றிய வரியும்.

எச்-4 விசா (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா): வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாமா?

சொந்தப் பிள்ளைகளோடு இன்னொரு ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் லைசன்ஸ் வேண்டாம். இரண்டாவது குடும்பம் வந்தால் வேண்டும். விசாவுக்கு வக்கீலைக் கேளுங்கள், நான் சொல்லக் கூடாது.

மில்பிடாஸ்: லீவு பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றீர்கள்.

மறக்கவில்லை. 2024-இலிருந்து கலிபோர்னியாவில் வருடத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் அல்லது ஐந்து நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. அதைப் பிள்ளையின் காய்ச்சலுக்கும் எடுக்கலாம். இதைத் தவிர, ஒரே இடத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், டேகேரிலிருந்து "வந்து கூட்டிப் போங்கள்" என்று கூப்பிடுவது போன்ற அவசரங்களுக்கு வருடத்துக்கு 40 மணி நேரம் வரை விடுப்பு எடுக்கலாம். அதற்குச் சம்பளம் கட்டாயமில்லை, ஆனால் எடுத்ததற்காகத் தண்டிக்கக் கூடாது. ஆதாரம் கேட்டால் எந்த டைரக்டரும் இரண்டு வரி எழுதிக் கொடுப்பார், நான் மாதத்துக்கு நாலைந்து எழுதுகிறேன். கணவரும் நீங்களும் நாளை அவரவர் அலுவலகத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். அவசரத் தொடர்புப் படிவத்தில் உங்கள் இரண்டு பேர் பெயருக்குக் கீழே உள்ள காலி வரியில், பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரின் பெயரை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.