மெக்கானிக்குக்கு நோட்டீஸா? முதலில் சர்வேயருக்குப் பதில் எழுதுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் 1967-ஆம் வருட ஃபியட் 1100 இருக்கிறது. அப்பா உயிராக வைத்திருந்த வண்டி. வெயில் காலத்தில் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி நடுரோட்டில் நின்றுவிடும். அதனால் ஆன்லைனில் ஒரு எலக்ட்ரிக் ஃபியூயல் பம்ப் வாங்கி, இருபது வருடப் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்தினேன். வாங்கும் முன் அதன் லிங்க்கை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "போட்டுக்கலாம் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று வாய்ஸ் அனுப்பினார். பில் தரவில்லை, கூலி 2,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன். இரண்டாவது வாரம் சிக்னலில் நின்றபோது பானெட்டுக்குள் தீப்பிடித்தது. வயரிங், கார்ப்பரேட்டர், பெயின்ட் எல்லாம் போயிற்று. ரிப்பேருக்கு 1,65,000 ரூபாய் எஸ்டிமேட். "நீ வாங்கிக் கொடுத்த பம்பு, நான் என்ன பண்ண முடியும்?" என்கிறார். அப்பாவிடம் எவ்வளவோ உதவி வாங்கியவர் அவர். வண்டிக்கு முழு காப்பீடு இருக்கிறது, ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 2,40,000. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர், "வண்டியில் மாற்றம் ஏதும் செய்தீர்களா?" என்று எழுத்தில் கேட்டிருக்கிறார். மெக்கானிக்குக்கு, "சட்டவிரோதமாக, உயிருக்கு ஆபத்தான முறையில் என் வண்டியை மாற்றியமைத்தீர்கள்" என்று நோட்டீஸ் விட்டு 8 லட்சம் கேட்கவும், போலீசில் புகார் தரவும் நினைக்கிறேன். தை மாதம் தங்கை கல்யாணம். அதற்குள் வண்டியைச் சரி செய்துவிட வேண்டும்.

– கோவை வாசகர்

பதில்: அவர் உங்கள் அப்பாவிடம் வாங்கிய உதவி, பேசிய பேச்சு, நன்றி கெட்டதனம் இவை எதுவும் எந்த மன்றத்திலும் செல்லாது. அப்பாவின் நினைவுக்கு விலை போட்டு 8 லட்சம் கேட்டால், உங்கள் மற்ற கோரிக்கைகளின் மீதும் நீதிபதிக்குச் சந்தேகம் வரும். போலீஸ் புகாரையும் விட்டுவிடுங்கள். தீ விபத்துக்குக் காவல் நிலையத்தில் தரும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் காப்பீட்டுக்கு உதவும், அதற்கு மேல் வேண்டாம்.

சட்டத்துக்கு வேண்டியது ஒரே கேள்விதான். தீக்குக் காரணம் பம்பைத் தேர்ந்தெடுத்ததிலா, பொருத்தியதிலா?

உங்கள் காரில் முன்பு இருந்தது இன்ஜின் கேம்ஷாஃப்ட் தள்ளி ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப். கார்ப்பரேட்டர் வண்டிக்கு 2 முதல் 4 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான பம்ப் 40 பி.எஸ்.ஐ.க்கும் மேல் தள்ளும். அதை இந்த வண்டியில் மாட்டினால் கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு தாங்காது. பெட்ரோல் பொங்கி வழிந்து சூடான எக்ஸாஸ்டில் விழும். நீங்கள் வாங்கியது அந்த ரகம் என்றால், தவறு தேர்வில். சரியான அழுத்தமுள்ள பம்பாக இருந்து, கிளாம்ப் தளர்ந்தோ, ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் இக்னிஷன் வயரில் நேரடியாக இழுத்தோ, ஹோஸை எக்ஸாஸ்டை ஒட்டி விட்டோ தீப்பிடித்திருந்தால், தவறு பொருத்தியதில். முதலாவதில் உங்கள் பங்கும் உண்டு. இரண்டாவதில் பொறுப்பு அவருடையது.

இந்த இடத்தில்தான் அந்த வாய்ஸ் மெசேஜ் வருகிறது. தொழில் தெரிந்தவர் பொருளைப் பார்த்து "போட்டுக்கலாம்" என்று சொன்னால், தேர்வின் பொறுப்பில் ஒரு பங்கு அவர் தலையிலும் ஏறுகிறது. கூலியை ஜிபேயில் போட்டதும் நல்லதாயிற்று. இலவசமாகச் செய்த வேலை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவையே ஆகாது. அந்த ஃபோனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். அதைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

விற்றவர் மீதும் வழக்குப் போடலாமா என்று கேட்பீர்கள். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளுக்கு விற்பனையாளரைப் பொறுப்பாக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு வழி தருகிறது. அதே சட்டத்தின் 87, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அவரை விடுவித்துவிடுகிறது. இன்ஜெக்‌ஷன் பம்பைக் கார்ப்பரேட்டரில் மாட்டியது எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

இனி, உங்களை உண்மையிலேயே கவலைப்பட வைக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அது நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்த நோட்டீஸ்.

"சட்டவிரோதமாக, உயிருக்கு ஆபத்தான முறையில் மாற்றியமைத்தார்." கோபத்தில் இப்படி எழுதிவிட்டுக் காப்பீட்டை இழந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டியைப் பாதுகாப்பாகவும் நல்ல நிலையிலும் பராமரிக்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்பது எல்லா பாலிசியிலும் உள்ள நிபந்தனை. மெக்கானிக் அந்த நோட்டீஸைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். கொடுக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. "மாற்றம் சட்டவிரோதம், ஆபத்தானது என்று காப்பீடுதாரரே ஒப்புக்கொள்கிறார்" என்று நிராகரிப்புக் கடிதம் வரும். பம்பை வாங்கிக் கொடுத்தது நீங்கள் என்பதால் அந்த வரி மெக்கானிக்கைவிட உங்களைத்தான் முதலில் குத்தும்.

உண்மையில் அது சட்டவிரோதமும் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் உள்ள விவரங்களை மாற்றும் வகையிலான மாற்றத்தை. எரிபொருள் அன்றும் பெட்ரோல், இன்றும் பெட்ரோல். இன்ஜின் எண், சேஸி எண், சி.சி. எதுவும் மாறவில்லை. ஃபியூயல் பம்ப் ஆர்.சி.யில் ஏறும் விவரமே அல்ல. வண்டி மாற்றங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒரு கேரள வழக்கில் சொன்ன தீர்ப்பை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டலாம். அதுவும் இதே 52-ஆம் பிரிவைப் பற்றியதுதான். கையில் இவ்வளவு நல்ல வாதம் இருக்கும்போது, உங்கள் கையெழுத்தாலேயே அதை ஏன் அழிக்கிறீர்கள்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஐம்பது வருடம் தாண்டிய உங்கள் வண்டியை 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளின் கீழ் பின்னாளில் பதிவு செய்ய நினைத்தால், சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத அசல் நிலை வேண்டும். "வண்டியையே மாற்றிவிட்டார்" என்ற உங்கள் வாசகம் அங்கேயும் உங்களுக்கு எதிராக நிற்கும்.

அதற்காகச் சர்வேயரிடம் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் கிளெய்ம் அதோடு முடிந்தது. பழைய பம்ப் வெயிலில் சரியாக வேலை செய்யாததால் எலக்ட்ரிக் பம்ப் பொருத்தப்பட்டது, பொருத்தியவர் இன்னார், தேதி இது, வாங்கிய பில் இத்துடன் இணைப்பு. இவ்வளவு எழுதினால் போதும். யார் மீது தவறு, எவ்வளவு ஆபத்து என்ற வர்ணனை ஒரு சொல்கூட வேண்டாம்.

அடுத்தது, வண்டியைத் தொடாதீர்கள். கல்யாணத்துக்கு வாடகைக் கார் பேசிவிடுங்கள். எரிந்த பம்பைக் கழற்றி வேறு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் துடைத்து, பேட்டரியில் கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டார் என்றால் வழக்கு அங்கேயே செத்தது. சேவைக் குறைபாட்டை நிரூபிப்பது புகார்தாரரின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பம்ப், ஹோஸ், கிளாம்ப், வயர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். சர்வேயர் முன்னிலையில் கழற்றி, முடிந்தால் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்து, பம்ப் எத்தனை பி.எஸ்.ஐ. தள்ளுகிறது என்று அறிக்கையில் ஏற்றச் சொல்லுங்கள். ஹோஸ் என்ன ரகம், என்ன அச்சிட்டிருக்கிறது என்பதும் பதிவாக வேண்டும். நாளைக்கு மெக்கானிக்கின் வக்கீல், "எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் பழைய ரப்பர் இளகிப் போயிற்று, என் கட்சிக்காரர் பொருத்தியதில் குறையில்லை" என்று நிச்சயம் சொல்வார். எத்தனாலில் பழைய ரப்பர் கெடும் என்பது உண்மை. புது ஹோஸ் போட்டாரா, பழையதையே விட்டாரா என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். தீயும் தானாகப் பற்றிக்கொள்வதும் பாலிசியில் அடங்கும்; எலக்ட்ரிக்கல் பழுது அடங்காது. ஆகவே பம்புக்குப் பணம் வராது, எரிந்தவற்றுக்கு வரும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதத் தேய்மானம். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களுக்கும் அதே 50. கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் தனி. ஆக, பாகங்களின் விலையில் பாதி, கூலி முழுசு என்று எதிர்பாருங்கள். எஸ்டிமேட்டில் முழு பெயின்டிங், சீட் என்று ஊதிப் பெருக்க வேண்டாம். கழிவுகள் போக ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தை, அதாவது 1,80,000-ஐத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கு முடிப்பார்கள். பிறகு அப்பாவின் வண்டியை நீங்கள் வைத்துக்கொள்ள, அதன் மீதி விலையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

நிறுவனம் நிராகரித்தாலோ குறைத்தாலோ, முதலில் அவர்களிடம் எழுத்தில் முறையிட்டுவிட்டு, ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

மெக்கானிக்கிடம் சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். பில் இல்லாத தொழில்காரர் மீது வழக்காடி, ஆணை வாங்கி, அதை நிறைவேற்ற இன்னொரு மனுப் போட்டு அலைவதைவிட, காப்பீட்டில் வராத தொகையில் ஒரு பகுதியையும், மறுபடி வயரிங் இழுக்கும் கூலியையும் அவர் ஏற்பது உங்களுக்கு லாபம். தேர்வில் உங்கள் பங்கு இருப்பதால் முழுத் தொகை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆனால் காப்பீடு முடியும் முன் அவருக்கு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குப் பணம் தந்த நிறுவனம், உங்கள் இடத்தில் நின்று தவறு செய்தவரிடம் வசூலிக்கலாம். 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்த உரிமையை விரிவாக விளக்கியிருக்கிறது. அந்த உரிமையை நீங்கள் முன்கூட்டியே அழித்துவிட்டால், அதையே சாக்காக வைத்துக் கிளெய்மை மறுப்பார்கள். மெக்கானிக்கிடம் இப்போது வாய்ப்பேச்சோடு நிறுத்துங்கள். காப்பீட்டுப் பணம் கைக்கு வந்த பிறகு, நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு, காப்பீட்டில் கிடைக்காத தொகைக்கு மட்டும் என்று குறிப்பிட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். நுகர்வோர் புகாருக்குத் தீப்பிடித்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. சர்வேயருக்கான பதில் மட்டும் இந்த வாரமே, ரசீதுடன், போக வேண்டும்.