தோற்ற கோச் யார்மேல் பழி போடுவார்?

அன்புள்ள ஐயா,

தென் கரோலினாவில் இருக்கிறேன். மகள் கிளெம்சனில் படிப்பதால் சனிக்கிழமை என்றாலே எங்கள் வீட்டில் அமெரிக்கக் கால்பந்துதான். எந்தக் கல்லூரி அணி தோற்றாலும் அதன் கோச் மைக் முன்னால் உட்கார்ந்து, தப்பு என்மேல்தான், பையன்களை நான் சரியாகத் தயார்ப்படுத்தவில்லை என்கிறார். அடுத்த வாரம் தோற்றாலும் அதே வசனம். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர் இப்படிப் பேசுவது நடிப்புதானே? 2023இல் கிளெம்சன் கோச் டேபோ ஸ்வினி ரேடியோவில் ஒரு ரசிகரைப் பொரிந்து தள்ளினார். அதுவாவது உண்மையாக இருந்தது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வசனம்தான், சந்தேகமே இல்லை. சொல்கிறவருக்கு அதனால் பெரிய நஷ்டமும் இல்லை. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். அப்படி ஓர் ஒப்பந்தம் கையில் இருந்தால் நானும் தாராளமாகப் பழியை ஏற்றுக்கொள்வேன்.

ஆனால் அவர் வேறு யாரைச் சொல்ல முடியும்? நடுவரைச் சொல்லக் கூடாது. 2020இல் ஆபர்னிடம் தோற்றபின், நடுவர்களைக் குறைசொன்ன ஒரு ட்வீட்டை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் அன்றைய கோச் லேன் கிஃபின் மறுபதிவு செய்தார். தென்மாநிலக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான எஸ்.இ.சி. 25,000 டாலர் அபராதம் போட்டது. (அதைச் சில்லறைக் காசாகக் கட்டுவேன் என்று அவர் கிண்டலடித்தது தனிக் கதை.) நிர்வாகத்தைச் சொன்னால் சம்பளம் தருகிறவரோடு சண்டை. ஆட்டக்காரனைச் சொன்னால், சீசன் முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போய்விடுவான். அடுத்த ஆண்டுக்காக இவர் வீடு தேடிப்போய்ப் பேசிவைத்திருக்கும் 17 வயதுப் பையனின் அம்மாவும் அந்தப் பேட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரையும் கழித்தால் மிஞ்சுவது அவர் ஒருவர்தான்.

அதனால் அந்த வசனத்தை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. தோல்விக்குக் காரணமாக ஊரே கைகாட்டும் பையனைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்றுதான் கேட்பேன்.

2022 ஜனவரி 10, இண்டியானாபொலிஸ். தேசிய இறுதி ஆட்டத்தில் அலபாமா ஜார்ஜியாவிடம் 33-18 என்று தோற்றது. ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை ஒரு மாதத்துக்கு முன்புதான் வாங்கியிருந்த, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அலபாமா குவார்ட்டர்பேக் பிரைஸ் யங், ஆட்டம் முடியும் தறுவாயில் எறிந்த பந்தை எதிரணிக்காரர் பிடித்து, எல்லைக்கோடுவரை ஓடிப்போய் டச்டவுனே போட்டுவிட்டார். பேட்டி மேடையில் அலபாமா கோச் நிக் சபனின் பக்கத்தில் யங்கும் சக வீரர் வில் ஆண்டர்சனும் இருந்தார்கள். நீங்கள் போகலாம் என்று அவர்களை அனுப்பும் நேரத்தில் சபன் நிறுத்தினார். இந்த ஒரு ஆட்டத்தை வைத்து இவர்களை எடைபோடக் கூடாது, இவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டோம் என்றார். யாரும் கேட்காமலே சொன்னது அது. நிருபர்களிடம் சிடுசிடுப்பதற்கே பேர்போன மனிதர்.

அதை மேலுக்குச் சொன்ன மரியாதை என்று தள்ளிவிட முடியாது. 2013இல் அதே அலபாமா ஆபர்னிடம் கடைசி நொடியில் தோற்றது. அந்த ஒரு நொடியைக் கடிகாரத்தில் திரும்ப வைக்கச் சொல்லி வாதாடியவரும் சபன், அதில் 57 கஜத் தொலைவிலிருந்து கோல் உதைக்க முயலச் சொன்னவரும் சபன். உதை எட்டாமல் போக, பந்தைப் பிடித்த ஆபர்ன்காரர் ஓடிப்போய் டச்டவுன் போட்டுவிட்டார். ட்விட்டரில் கொலைமிரட்டல் வந்ததோ, அன்று முன்னதாக உதைத்த மூன்றும் வீணாகிப்போன வேறொரு மாணவருக்கு.

நேர்மாறான ஆளும் உண்டு. 2012இல் வாஷிங்டன் ஸ்டேட் அணி யூட்டாவிடம் 49-6 என்று உதை வாங்கியதும், அதன் கோச் மைக் லீச் தன் வீரர்களில் சிலரை நடைப்பிணத்தோடு ஒப்பிட்டார். முன்வரிசைக்காரர்களை நிருபர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவும் செய்தார். லீச்சின் பேச்சுக்கு நானும் ரசிகன்தான், ஆனால் இதை ரசிக்க முடியவில்லை. மனதில் பட்டதை அப்படியே சொன்னார், சரி. அந்த உண்மைக்கு விலை கொடுத்தது 20 வயதுப் பையன்கள்.

ஸ்வினி விஷயத்துக்கு வருகிறேன். அப்போது கிளெம்சன் நான்கு வெற்றி, நான்கு தோல்வி. ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு இதுதானா என்று கேட்ட ரசிகருக்கு, ஐந்து நிமிடம்போல மூச்சுவிடாமல் பதில். கோபம் உண்மையானதுதான், பேச்சில் சுயபுராணமும் நிறைய. ஆனால் அவர் மோதியது ஒரு ரசிகரோடு, காப்பாற்றியது தன் மானத்தை. எந்தப் பையனும் அதில் அடிபடவில்லை. அதற்குப் பிறகு கிளெம்சன் மிச்சமிருந்த ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்ததற்கு அந்தக் கத்தல்தான் காரணம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் நம்பவில்லை.

2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். சம்பளம் வாங்குகிறவனை மேடையில் வைத்துத் திட்டினால் என்ன என்று இனி சில கோச்சுகளுக்குத் தோன்றலாம். ஆனால் போர்ட்டல் திறந்திருக்கும்வரை பெரும்பாலானவர்கள் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.