நாற்பது கம்பெனிக்கும் ஒரே ரெஸ்யூமா?

வேலை தேடும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர், கோவையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: பி.காம். முடித்து, ஆடிட்டர் ஆபீஸில் ஐந்து வருடம், பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். நாற்பது இடங்களுக்கு ரெஸ்யூம் அனுப்பியும் இரண்டு இடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் மாற்றி எழுது என்கிறாள் தோழி. நான் செய்த வேலை ஒன்றுதானே, அதில் எதை மாற்றுவது? ரெஸ்யூமையும், நான் பார்த்த இரண்டு விளம்பரங்களையும் இணைத்திருக்கிறேன். – வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் ரெஸ்யூமைப் பிரிண்ட் போட்டு, பக்கத்தில் அந்த இரண்டு விளம்பரங்களையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அம்மா. ஆபீஸில் எனக்கு இதே பழக்கம்தான். இடது பக்கம் விளம்பரம், வலது பக்கம் ரெஸ்யூம் கட்டு, கையில் பென்சில். விளம்பரத்தில் கேட்டது ரெஸ்யூமில் எங்கே தட்டுப்படுகிறதோ அங்கே ஒரு கோடு போடுவேன். முதல் பக்கத்தின் மேல் பாதியில் ஒரு கோடுகூட விழவில்லை என்றால் அந்தத் தாள் இரண்டாவது கட்டுக்குப் போய்விடும். இரண்டாவது கட்டை யாரும் பிரிப்பதில்லை. அநியாயம்தான். ஆனால் ஒரு வேலைக்கு முந்நூறு தாள் வந்தால் வேறு வழியில்லை.

உங்கள் தாளின் மேல் பாதியில் என்ன இருக்கிறது? 'சவாலான சூழலில் என் திறமையை நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பயன்படுத்துவதே குறிக்கோள்' என்று இருக்கிறது. 26 வருடத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை படித்திருப்பேனோ! அதற்குக் கீழே அப்பா பெயர், மதம், திருமணம் ஆனவரா என்ற விவரம், பத்தாம் வகுப்பு மார்க். வேலை அனுபவம் முதல் பக்கத்தின் அடியில் ஆரம்பிக்கிறது. அங்கேயும் 'கணக்கு சம்பந்தமான எல்லா வேலைகளையும் கவனித்தேன்' என்று ஒரே வரி. அதில் நான் எங்கே கோடு போடுவது?

சரி, விளம்பரங்களுக்கு வருவோம். பல்லடம் பக்கம் இருக்கும் ஸ்பின்னிங் மில்லுக்கு மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், சரக்கு அனுப்பும்போது போடும் இ-வே பில், டி.டி.எஸ். தெரிந்தவர் வேண்டும். எக்ஸ்போர்ட்டருக்கு ஜி.எஸ்.டி. ரீஃபண்ட், டியூட்டி டிராபேக் (ஏற்றுமதி செய்தால் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி), பேங்க் டாக்குமென்ட் தெரிந்தவர் வேண்டும். இரண்டுமே அக்கவுண்ட்ஸ் வேலைதான். ஆனால் கேட்கிறவர் மனதில் இருக்கும் தலைவலி வேறு வேறு.

உங்கள் ரெஸ்யூமில் இல்லாத ஒன்று கடிதத்தில் இருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸில் 18 கிளையன்ட்டுகளுக்கு ரிட்டர்ன் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மில்லுக்குப் போகிற தாளில் அதுதான் முதல் வரி: '18 கிளையன்ட்டுகளுக்கு மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி தாக்கல் செய்தேன். பர்ச்சேஸ் கணக்கை 2பி-யோடு ஒத்துப் பார்த்தேன்.' (ஜி.எஸ்.டி.ஆர்-1 விற்பனை விவரம், 3பி வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன், 2பி சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்.) டி.டி.எஸ்., இ-வே பில் இரண்டும் அடுத்த வரியில் வரட்டும். எக்ஸ்போர்ட் கம்பெனி அனுபவம் அதற்குக் கீழே இரண்டு வரியில் இருந்தால் போதும்.

எக்ஸ்போர்ட்டருக்கு அனுப்பும்போது இது தலைகீழாகட்டும். கஸ்டம்ஸில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் விவரமும், ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் ஏற்றுமதிக்கான 6ஏ டேபிளில் போட்டதும் ஒத்துப்போகாமல் ஒரு ரீஃபண்ட் நின்றுபோனது, நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு இன்வாய்ஸாகப் பார்த்துத் திருத்தி வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதை மேலே கொண்டுவாருங்கள். ரீஃபண்ட் மாட்டிக்கொண்டு கையில் பணமில்லாமல் தவித்த எக்ஸ்போர்ட்டர் அந்த வரியைப் படித்தால், அப்பா பெயரைக்கூடப் பார்க்காமல் போனை எடுப்பார்.

நீங்கள் செய்த வேலை மாறவில்லை, பொய்யும் ஒன்றும் சேரவில்லை. எந்த வரி மேலே, எது கீழே, எது வேண்டாம் என்பதுதான் மாறியது. இதற்காக ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத உட்காராதீர்கள். ஒரே ஒரு முறை, இரண்டு சாயங்காலம் ஒதுக்கி, ஏழு வருடத்தில் செய்ததையெல்லாம் நாலு பக்கமானாலும் பரவாயில்லை என்று ஒரு ஃபைலில் கொட்டி வையுங்கள். அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். விளம்பரம் வரும்போது அதிலிருந்து வெட்டி எடுத்து ஒன்றரைப் பக்கத்துக்குள் அடுக்குங்கள். பழகிவிட்டால் இருபது நிமிட வேலை. நாற்பது இடத்துக்கு அனுப்பிய நேரத்தில் எட்டு இடத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: இப்போது ரெஸ்யூமை மனிதர்கள் படிப்பதில்லை, சாஃப்ட்வேர்தான் வடிகட்டுகிறது என்கிறார்கள். விளம்பரத்தில் உள்ள வார்த்தைகளையெல்லாம் வெள்ளை எழுத்தில் அடியில் ஒட்டிவிட்டால் தேறிவிடலாம் என்று நண்பன் சொல்கிறான். செய்யலாமா? – வாசகர், சேலம்

பதில்: வேண்டாம் தம்பி. சாஃப்ட்வேர் உங்கள் தாளை வெறும் எழுத்தாகப் பிரித்து எடுக்கும்போது வெள்ளையும் கறுப்பும் ஒன்றுதான். படிக்கிறவர் திரையில் அந்த வார்த்தைக் குப்பை அப்படியே வந்து நிற்கும். அப்புறம் உங்கள் மேல் என்ன மரியாதை இருக்கும்?

விளம்பரம் 'இன்வென்டரி' என்றால் நீங்களும் இன்வென்டரி என்றே எழுதுங்கள். உங்கள் கம்பெனியில் அதை ஸ்டோர்ஸ் என்று சொல்லியிருந்தால் இரண்டையும் சேர்த்து எழுதலாம். சுருக்கெழுத்து இருந்தால் ஒரு முறை விரிவாகவும் எழுதுங்கள். இரண்டு பத்தியாகப் பிரித்த டிசைன், கட்டம் கட்டிய டேபிள், திறமைக்கு நட்சத்திரம் போடுவது எல்லாம் பார்க்க அழகு. பிரித்தெடுக்கும்போது வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடலாம். தாளை ஸ்கேன் செய்து படமாக அனுப்பாதீர்கள். வேர்டு ஃபைலில் அடித்து, அதையே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் போதும்.

கேள்வி: டிப்ளமா மெக்கானிக்கல். மூன்று வருடமாக சி.என்.சி. ஆபரேட்டர். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கும், லைன் சூப்பர்வைசர் வேலைக்கும் விண்ணப்பிக்கிறேன். ஒன்றில் 'குவாலிட்டி அசிஸ்டென்ட்' என்றும் மற்றதில் 'டீம் லீடர்' என்றும் பதவியை மாற்றிப் போடலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, சம்பளம், இந்த நாலிலும் கை வைக்காதீர்கள். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் பதவி இருக்கிறது. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் போட்டால் எங்கே எப்போது சேர்ந்தீர்கள் என்பது வந்துவிடும். வேலை கிடைத்து, சேர்ந்த பிறகு மாட்டிக்கொள்வது இன்னும் கேவலம்.

ஆபரேட்டர் என்ற பெயருக்குக் கீழே என்ன எழுதுகிறீர்கள் என்பது உங்கள் கையில். குவாலிட்டி வேலைக்கு, ஷிப்ட் தொடக்கத்தில் முதல் பீஸை நீங்களே அளந்து பார்த்ததை எழுதுங்கள். எந்தெந்தக் கருவி என்பதும் வரட்டும்: மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஹைட் கேஜ். எத்தனை மைக்ரான் டாலரன்ஸில் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) ஓட்டினீர்கள் என்று ஒரு எண் இருந்தால் குவாலிட்டி ஆள் நிமிர்ந்து உட்காருவார். சூப்பர்வைசர் வேலைக்கு, எத்தனை மெஷின் பார்த்தீர்கள், புது டிரெய்னிகளுக்கு செட்டிங் சொல்லிக் கொடுத்தீர்களா, ஷிப்ட் மாறும்போது பொறுப்பை எப்படி ஒப்படைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

தெரியாததை மட்டும் சேர்க்காதீர்கள். ஒரு பையன் விளம்பரத்தைப் பார்த்து எஸ்.பி.சி. (அளவுகளை சார்ட்டில் போட்டு உற்பத்தியைக் கண்காணிக்கும் முறை) என்று எழுதிவிட்டு வந்தான். எங்கள் குவாலிட்டி மேனேஜர் ஒரு சார்ட்டை நீட்டி, "இதில் சி.பி.கே. 1.33-க்குக் கீழே போனால் என்ன செய்வாய்?" என்றார். சி.பி.கே. என்பது அளவு டாலரன்ஸுக்குள் எவ்வளவு பத்திரமாக நிற்கிறது என்று காட்டும் எண். பையன் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெஷின் ஓட்டுவதில் கெட்டிக்காரனாம். அந்த மூன்றெழுத்து இல்லாமல் இருந்திருந்தால் எடுத்திருப்போம்.

என் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். டூல்ரூமுக்கு ஆள் தேடியபோது ஒருவரை அந்த இரண்டாவது கட்டில் போட்டுவிட்டேன். ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலை செய்யும்போது பீஸைப் பிடித்து நிறுத்தும் கருவிகள்) சொந்தமாக டிசைன் செய்தவர். அந்த விவரம் மூன்றாம் பக்கத்தின் கடைசியில், கிரிக்கெட் பிடிக்கும் என்பதற்கு மேலே இருந்தது. ஒரு வருடம் கழித்து எங்களுக்கு ஃபிக்ஸ்சர் செய்து கொடுக்கும் கம்பெனியிலிருந்து எங்கள் ஷாப்புக்கு வந்தார். பெயரைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

கேள்வி: குழந்தைக்காக ஆறு வருடம் வேலையை விட்டிருந்தேன். அதை மறைக்கவா, சொல்லவா? – வாசகி, ஈரோடு

பதில்: சொல்லுங்கள். 'குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி' என்று வருடத்தோடு ஒரு வரி. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். அந்த ஆறு வருடத்தில் கணவரின் ஜவுளிக் கடைக்கு டேலியில் கணக்குப் போட்டதாகச் சொல்கிறீர்கள். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அனுப்பும்போது அதைத் தைரியமாக அனுபவம் என்றே போடுங்கள். பள்ளிக்கூட வேலைக்கு அனுப்பும்போது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது அந்த இடத்துக்கு வரட்டும்.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி.க்கும் இப்படி ரெஸ்யூம் மாற்ற வேண்டுமா? – வாசகர், மதுரை

பதில்: அங்கே ரெஸ்யூமே கிடையாது. அவர்கள் கேட்கும் கட்டங்களை நிரப்புங்கள், பரீட்சைக்குப் படியுங்கள்.

கேள்வி: நேற்று அவசரத்தில் ஒரு கம்பெனிக்கு அனுப்பிய கவரிங் லெட்டரில் இன்னொரு கம்பெனியின் பெயர் இருந்துவிட்டது. தூக்கமே வரவில்லை. – வாசகர், கோவை

பதில்: இன்றைக்கே திருத்திய கடிதத்தை அனுப்புங்கள். 'முந்தைய கடிதத்தில் நிறுவனத்தின் பெயர் தவறாக இருந்தது, வருந்துகிறேன்' என்று ஒரே வரி போதும். இனிமேல் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். 'ஃபைனல் நியூ 2' வேண்டாம்.

எங்களுக்கும் அப்படி ஒன்று வந்தது. 'உங்கள் நிறுவனத்தில் பணிபுரிவது என் சிறுவயதுக் கனவு' என்று உருக்கமாக எழுதி, எங்கள் போட்டிக் கம்பெனியின் பெயரைப் போட்டிருந்தார். டிபார்ட்மென்டே சிரித்தது. ஆனால் ரெஸ்யூமில் மேல் பாதி முழுக்க என் பென்சில் கோடு. கூப்பிட்டோம். இன்டர்வியூவில் அவர் உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இது எந்தக் கம்பெனி, தம்பி?" முகம் வெளிறிப்போய், "நல்ல கம்பெனி சார்" என்றார். மேனேஜர் டீ சொல்லி அனுப்பினார்.