நன்றாக நடக்கிறவருக்கு எதற்கு உதவித்தொகை?

மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை, சான்றிதழ், மறுபரிசோதனை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் கால் ஊனம் என்று மாதாமாதம் பணம் வாங்குகிறார். ஆனால் ஸ்கூட்டர் ஓட்டுகிறார், சந்தைக்குப் போகிறார், நாலு பேரோடு நின்று பேசுகிறார். வருடம் ஒருமுறை எல்லோரையும் டாக்டர் முன்னால் நிறுத்தினால் போலிகள் ஒழிந்துவிடுமே? (வாசகர், நாமக்கல்)

முதலில் அந்த ஸ்கூட்டரைப் பாருங்கள். பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் இருந்தால், அது ‘இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்’. கால் முடியாதவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் போய்வர தமிழக அரசே விலையில்லாமல் கொடுப்பது. அதில் அவர் சந்தைக்குப் போகிறார் என்றால், எதற்காகக் கொடுத்தார்களோ அதற்குப் பயன்படுகிறது என்றுதான் பொருள்.

ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவர்கள் கணக்குப் போடும்போது ஒருவர் வெளியே போகிறாரா, சிரித்துப் பேசுகிறாரா என்று பார்ப்பதில்லை. கால் எடுக்கப்பட்டவருக்கு எந்த மட்டத்தில் எடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு மிடுக்காக நடந்தாலும் சதவீதம் குறையாது. போலியோ வந்தவருக்குத் தசை பலம், மூட்டு அசைவு, காலின் நீளக் குறைவு இவற்றை அளந்து போடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த ஊன வகைகளை 21 ஆக்கியது. ஹீமோபிலியா, தலசீமியா, மனநோய், தண்டுவட மரப்பு நோய் எல்லாம் அதில் உண்டு. இவற்றில் பலவும் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. தண்டுவட மரப்பு நோய் உள்ளவர் காலையில் கடைவரை நடந்துவிட்டு, வெயில் ஏறியதும் காலைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிடலாம். காலையில் பார்த்தவர் ‘நடிப்பு’ என்பார்.

இனி, வருடாந்தரப் பரிசோதனை. வெட்டிய கால் வளராது. பிறவியிலேயே பார்வையில்லாதவரை 12 மாதம் கழித்து மறுபடி பார்ப்பதால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. அதனால்தான் மாறாத குறைபாட்டுக்கு நிரந்தரச் சான்றிதழும், மாறக்கூடியதற்குக் காலவரையறை போட்ட சான்றிதழும் கொடுக்கிறார்கள். எல்லோரையும் அழைத்தால் என்ன நடக்கும்? கிராமத்திலிருந்து மாவட்ட அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ வாடகை, கூட வருபவருக்கு ஒருநாள் கூலி நஷ்டம், மருத்துவக் குழு கூடும் நாளில் நெடுநேரம் வரிசை. வர முடியாதவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். போலி குறைந்தது என்று ஊர் பேசும். போனது போலியின் பெயரல்ல, படுக்கையில் கிடப்பவரின் பெயர்.

போலிகள் இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறார்கள். அது இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று, ரப்பர் ஸ்டாம்ப் அடித்துத் தயாரித்த பழைய காகிதச் சான்றிதழ். 2021 ஜூன் 1 முதல் சான்றிதழை மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளம் வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது கட்டாயம். ஆகவே எண்ணைத் தட்டினால் பதிவு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பழைய சான்றிதழ் என்றால், கொடுத்த மருத்துவமனையின் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். ஆளை அலைக்கழிக்கத் தேவையே இல்லை. இன்னொன்று, உண்மையான மருத்துவரே கூட்டிப் போட்ட சதவீதம். காது கேட்காததுபோல் நடிப்பவரை பெரா பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் எதிர்வினையைத் தலையில் ஒட்டிய மின்வாய்கள் பதிவு செய்யும், அதில் வாய்மொழிப் பதிலுக்கே இடமில்லை. சந்தேகம் உள்ளவருக்கு இப்படிச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

லாபம் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் மோசடிக்கும் தூண்டுதல் அதிகம்: அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீதம். 2024-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரியின் தேர்வுச் சலுகை விவகாரம். அந்தக் கோபம் மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை வாங்குகிறவர் மேல் இறங்குவது நியாயமே இல்லை. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள அவர், சிவில் சர்வீஸ் தேர்வுக்குச் சொல்வதை எழுதித்தருபவர் வேண்டும் என்று கேட்டிருந்தார். யாராவது தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயத்தைக் காட்டி உண்மையாகத் தேவைப்படுகிறவருக்கு மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பு.

காலில் 30 சதவீதம், காதில் 25 சதவீதம் என்று போட்டார்கள். மொத்தம் 55 வர வேண்டாமா? 47-தான் என்கிறார்கள். (வாசகி, திண்டுக்கல்)

சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். நேரடியாகக் கூட்டக் கூடாது. 90-லிருந்து பெரிய எண்ணைக் கழித்து, அதைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். உங்களுக்கு 60-ஐ 25-ஆல் பெருக்கினால் 1,500. 90-ஆல் வகுத்தால் 16.67. அதோடு 30 சேர்ந்து 46.67, முழு எண்ணாக்கினால் 47. 40-ஐத் தாண்டியதால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி வந்துவிட்டது.

பலருக்கு அதிர்ச்சி தருவது வேறு இரண்டு கணக்குகள். ஒரு கண் முழுக்கப் போய், மற்றக் கண் கண்ணாடியோடு நன்றாகத் தெரிந்தால் 30 சதவீதம்தான். ஒரு காது முற்றிலும் கேட்காமல் மற்றது சரியாக இருந்தால் சுமார் 17, ஏனென்றால் நல்ல காதின் அளவை 5-ஆல் பெருக்கி, மோசமான காதின் அளவைச் சேர்த்து, 6-ஆல் வகுக்கிறார்கள். விதி ஏற்கெனவே இவ்வளவு இறுக்கம் என்பது ‘சும்மா கொடுக்கிறார்கள்’ என்று பேசுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

என் மகனுக்கு 24 வயது. ஆறு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். மருத்துவக் குழுவில் ‘பார்க்க நன்றாக இருக்கிறானே’ என்று 40-க்குக் கீழே போட்டுவிட்டார்கள். (ஒரு தாய், கும்பகோணம்)

இங்கே பெரும்பாலும் தவறுவது, வீட்டார் பதில் சொல்லும் விதத்தில். மனநோய்க்கு ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல் உண்டு. தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை தனி மதிப்பெண். மொத்தம் 7 வந்தால் 40 சதவீதத்தைத் தொடும்.

‘குளிப்பானா?’ என்று கேட்டால் தாய்மார்கள் ‘குளிப்பான்’ என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது. நாலு முறை சொல்லி, தண்ணீர் எடுத்துவைத்து, துண்டைக் கையில் கொடுத்த பிறகுதான் குளிக்கிறான் என்றால் அப்படியே சொல்லுங்கள். அது பொய்யல்ல, முழு உண்மை. மருந்தைக் கையில் எடுத்துக் கொடுப்பது யார், கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவானா, கடைசியாக வேலைக்குப் போனது எப்போது, ஏன் நின்றான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

நோயின் காலத்துக்கும் மதிப்பெண் உண்டென்பதால் முதல் சிகிச்சைச் சீட்டு மிக முக்கியம். 2 வருடத்துக்குக் குறைவென்றால் 1, 6 வருடம் ஆகியிருந்தால் 3. பழைய புறநோயாளர் சீட்டு தொலைந்திருந்தால், சிகிச்சை தொடங்கிய தேதியைப் பதிவேட்டிலிருந்து எழுதித்தரும்படி அந்த மருத்துவமனையில் கேளுங்கள்.

முடிவை ஏற்க முடியாவிட்டால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு. சான்றிதழ் நகல், சிகிச்சைச் சீட்டுகள், எந்தப் பகுதியில் குறைத்து மதிப்பிட்டார்கள் என்ற ஒரு பக்கக் கடிதம் சேர்த்துக் கொடுங்கள். எங்கே கொடுப்பது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள். சான்றிதழே மறுத்திருந்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை வாங்காமல் வராதீர்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை. (வாசகர், தூத்துக்குடி)

2024 அக்டோபரில் விதி மாறியது. சான்றிதழும் அட்டையும் தர ஒரு மாதமாக இருந்த கெடு மூன்று மாதமானது. வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரியிடம்தான் விண்ணப்பிக்க முடியும். இரண்டு வருடம் முடிவெடுக்கப்படாமல் கிடந்தால் விண்ணப்பமே செயலிழந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே சும்மா காத்திருக்காதீர்கள். விண்ணப்ப எண்ணோடு நல அலுவலருக்கு மனு கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆதாரில் உள்ள முகவரி வேறு மாவட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திடீரென்று பணம் நின்றுவிட்டது. தகுதி நீக்கமா? (வாசகர், கள்ளக்குறிச்சி)

அப்படியே முடிவு கட்ட வேண்டாம். ஆண்டுக்கான வாழ்நாள் சான்று போகவில்லையா என்று முதலில் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது. அடுத்து வங்கிக் கணக்கு: நீண்டநாள் எடுக்காமல் முடங்கியிருக்கலாம். பணம் ஆதார் வழியாக வருவதானால், கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குத்தான் போகும். புதிதாக வேறு வங்கியில் கணக்கு தொடங்கியிருந்தால் அங்கே பாருங்கள். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் ஆதாரே முடக்கப்படலாம். தொழுநோயால் விரல் தேய்ந்தவர்களுக்கு ரேகை விழாது. கருவிழி வைத்துப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாக உயர்ந்த ஓய்வூதியம் வருவாய்த் துறை வழியாக வருவது, அதற்குத் தாலுகா அலுவலகம். கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கான பராமரிப்பு உதவித்தொகை என்றால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

ஒருவர் வைத்திருப்பது போலிச் சான்றிதழ் என்று உறுதியாகத் தெரியும். என்ன செய்வது? (வாசகர், ஆத்தூர்)

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்தச் சலுகைக்காகப் பயன்படுத்தினார், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் எழுதுங்கள், நோயைப் பற்றி ஊகிக்க வேண்டாம். ஏமாற்றிச் சலுகை பெற்றது நிரூபணமானால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 91-வது பிரிவில் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அவரைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அவர் உண்மையான மாற்றுத்திறனாளியாக இருந்து, பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தியதாக ஆனால், 92-வது பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறைத் தண்டனை உங்களுக்குத்தான்.