கம்ப்யூட்டர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடைக்கு விபி டாட் நெட் என்ற புரோகிராம் மொழியில் பில்லிங் புரோகிராம் எழுதியிருக்கிறேன். அது திறந்துவிடும் ஸ்டாக் புரோகிராமை, பில்லிங்கை மூடும்போதே கோடு (புரோகிராம் கட்டளைகள்) மூலம் மூட வேண்டும். ‘கில்’ என்ற கட்டளை கொடுத்தால் மூடுகிறது. ஆனால், டைப் செய்துகொண்டிருந்த என்ட்ரி போய்விடுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ‘கில்’லை எடுத்த எடுப்பில் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். அது புரோகிராமை அந்த நொடியே நிறுத்திவிடும்; ‘சேவ் செய்யட்டுமா?’ என்று கேட்கக்கூட அவகாசம் தராது. முதலில் ‘குளோஸ்மெயின்விண்டோ’வைக் கூப்பிடுங்கள். மூலையில் இருக்கும் எக்ஸ் பட்டனை நாமே அழுத்துவது போலத்தான் இது. ஸ்டாக் புரோகிராமின் ‘ஃபார்ம்குளோசிங்’ நிகழ்வு ஓடும். சேவ் செய்யும் கோடை அங்கே எழுதிவையுங்கள். பிறகு ‘வெயிட்ஃபார்எக்ஸிட்’டில் 5000 (மில்லி விநாடி) கொடுத்தால், புரோகிராம் மூடுவதற்காக 5 விநாடி வரை காத்திருக்கும். அது ‘ஃபால்ஸ்’ (இன்னும் மூடவில்லை) என்று திரும்பினால், கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ‘கில்’ செய்யுங்கள்.

இன்னொன்று. பெயரை வைத்துத் தேடி மூடினால், அதே பெயரில் ஓடும் எல்லாமே மாட்டும். ஸ்டாக் புரோகிராமைத் திறக்கும் ‘பிராசஸ் டாட் ஸ்டார்ட்’ திருப்பித் தரும் ஆப்ஜெக்டை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, அதை மட்டும் மூடுங்கள். பெயரால்தான் தேட வேண்டும் என்றால், கடைசியில் வரும் டாட் ‘எக்ஸி’யைச் சேர்க்கக் கூடாது.