லுக்லா டு காத்மாண்டு: ஒரு நாள் கேப் போதாதுங்க

எவரெஸ்ட் ட்ரெக் தொடங்குற நேபாள மலை ஊரு லுக்லால இருந்து விமானத்துல இறங்குன மறுநாளே காத்மாண்டுல இருந்து ஊருக்கு ஃப்ளைட் போட்டிருக்கேன், ஓகேவான்னு கேட்டிருந்தீங்க. போதாதுங்க, 2 நாளாவது விடுங்க. லுக்லா ரன்வே 1964ல எவரெஸ்ட் ஏறுன எட்மண்ட் ஹிலாரி, அங்க வாழுற ஷெர்பா ஜனங்களை வச்சு மலைச்சரிவுல போட்டது, மண்ணு இறுகணும்னு அவங்க கைகோத்து காலால மிதிச்சு ஆடியே கெட்டிப்படுத்துனாங்க, 2001 வரைக்கும் வெறும் மண்தரைதான். இப்பவும் நீளம் வெறும் 527 மீட்டர், ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், இன்னொரு பக்கம் மலை, இறங்க வந்துட்டு கடைசி நேரத்துல திரும்ப மேல தூக்க வழியே கிடையாது, அதான் கொஞ்சம் மேகம் மூடுனாலும் நிறுத்திடுறாங்க. மதியம் காத்து ஏறிடும், அதனால காலைல முதல் ஃப்ளைட்டே கேளுங்க. சீசன்ல காத்மாண்டுக்குப் பதிலா ராமேசாப்ங்குற ஊர்ல இறக்கி விடுவாங்க, அங்கேர்ந்து காத்மாண்டுக்கு ரோட்டுல 4, 5 மணி நேரம், அதையும் சேர்த்துக்கோங்க.