குழாயை நகர்த்தும் முடிவு யாருடையது?

அம்மா, "வரைபடத்தை ஏஐ-யே போட்டுவிடுமாம், மகனைக் கட்டடக்கலையில் சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஏஐ-யை எதுவரை நம்பலாம் என்று தெரிந்தவனாக அவன் படித்து வெளியே வர வேண்டும்.

கோலாலம்பூரில் ஒரு கொண்டோ கட்டுகிறார்கள் என்றால், கட்டடக்கலை, ஸ்ட்ரக்சர் (தூண், உத்திரம்), குழாய், ஏர்கோன் ஆகியவற்றின் கணினி முப்பரிமாண மாடல்களை ஒன்றுசேர்த்து எது எதில் இடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரே தவறு மாடிக்கு மாடி திரும்ப வந்து, பட்டியல் மலைபோல் குவியும். அதைக் கண்டுபிடிக்கவும் ரகம் பிரிக்கவும் ஏஐ-யை நம்பலாம். எதை நகர்த்துவது என்று முடிவெடுக்க அதை விடக் கூடாது.

ஒரு கழிவுநீர்க் குழாயை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், சரிவு 60-க்கு 1. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 100 மில்லிமீட்டர் இறக்கம். நடுவில் ஏர்கோன் டக்ட், அதாவது குளிர்காற்று செல்லும் பெட்டிக் குழாய், இடிக்கிறது. "குழாயை அந்த இடத்தில் 50 மில்லிமீட்டர் உயர்த்து" என்கிறது ஏஐ. உயர்த்தியதும் மோதல் பூஜ்யம், திரையில் எல்லாம் பச்சை. ஆனால் முதல் 3 மீட்டரில் இருந்த இறக்கமே அந்த 50 மில்லிமீட்டர்தான். இப்போது அந்தப் பாதி மட்டமாகக் கிடக்கிறது. குடிவந்த பிறகு கழிவு தேங்கி, அடைத்துக்கொண்டு நிற்கும்.

மாடலில் இல்லாததும் ஏஐ-க்குத் தெரியாது. ஏர்கோனுக்கான குளிர்நீர்க் குழாயைச் சுற்றி 50 மில்லிமீட்டர் இன்சுலேஷன் (வெப்பம் புகாத உறை) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யாராவது அதை வரைய மறந்தால், குழாயின் விட்டம் 100 மில்லிமீட்டர் குறைவாகவே கணக்கில் வரும். தளத்தில் இடம் போதாமல் இன்சுலேஷனை நசுக்கிவிடுவார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் குழாய் வியர்த்து சீலிங்கில் சொட்டும்.

மலேசியாவில் 2007 முதல் கட்டட நிறைவுச் சான்றிதழான சிசிசி-யை, திட்டத்தின் முதன்மைப் பொறுப்பாளரான நிபுணரே கையெழுத்திட்டு வழங்குகிறார். பெரும்பாலும் அவர் கட்டடக் கலைஞர். அந்தக் கையெழுத்தை மென்பொருள் போட முடியாது. பிழைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

எனவே, பட்டம் லெம்பாகா ஆர்கிடெக் மலேசியா (கட்டடக் கலைஞர்கள் வாரியம்) அங்கீகரித்ததா என்று முதலில் பாருங்கள். பார்ட் 1 (இளநிலைப் பட்டம்), பார்ட் 2 (முதுநிலைப் பட்டம்), வேலை அனுபவம், பிறகு பார்ட் 3 தேர்வு என்று கட்டடக் கலைஞராகும் பாதை நீளம்தான், அவசரப்படுத்தாதீர்கள். கல்லூரியின் திறந்த நாளில் மகனை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "மோதலைத் தீர்த்த பிறகு சரிவையும் சீலிங் உயரத்தையும் மாணவர்களே கையால் கணக்குப் போட்டுச் சரிபார்க்கிறார்களா?" மென்பொருளின் பெயரை மட்டும் பதிலாகச் சொன்னால், அடுத்த கல்லூரியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.